வாசலோடு நின்ற பாட்டு

நவம்பர் பதினெட்டு, மாலை நாலு மணி இருபது நிமிடம், தூறல். கடலூரில் எங்கள் மாதா கோயில் வாசலில், உள்ளேயிருந்து இழுத்த கரண்ட் ஒயர் முடிந்துபோனது. மாமியாரின் சவப்பெட்டி தெருவுக்கு இறங்கிவிட்டது. பின்னால் மூன்று சக்கர வண்டியில் கீபோர்டும் ஸ்பீக்கரும். நடந்துகொண்டே வாசித்து வந்தவர் என் மச்சான், மனைவியின் தம்பி. ஒயர் விறைத்து, பிளக் கழன்று, பாட்டின் இரண்டாவது வரியில் சத்தம் நின்றது. மச்சானின் விரல்கள் இன்னும் மூன்று கட்டைகளை அழுத்திவிட்டுத்தான் நின்றன. நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

அந்தக் கீபோர்டை வாங்க வைத்தவன் நான்.

பாடகர் குழுவிடம் அதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் கீபோர்டு இருந்தது. மூன்று கிலோ கூட இருக்காது. குறுகலான கட்டைகள், அழுத்தினால் லேசாக ஆடும். இரண்டு முனையிலும் வார் மாட்டக் குமிழ், வயிற்றுக்குள்ளேயே ஸ்பீக்கர், அடியில் ஆறு பேட்டரி. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்களில் யார் இறந்தாலும் கல்லறை வரை பாடிக்கொண்டே போவது வழக்கம். மச்சான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழியோரம் வரை வாசிப்பார். எனக்கு அது விளையாட்டுச் சாமானாகவே தெரிந்தது. குழுவின் கணக்கு என் கையில் இருந்தது. நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

கடையில் நான் இரும்பு உடம்பு போட்ட ஒன்றை விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்றது. மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பண்ருட்டி பலாப்பழமா மாமா, தட்டிப் பாக்குறீங்க?”

ஏழு கிலோ. முழு அளவுக் கட்டைகள், விரலுக்குப் பதில் சொல்லும் கனம், திருகினால் ஆடாத குமிழ்கள். மற்றவற்றின் விலைதான் இதற்கும்; உடம்புக்கும் கட்டைக்கும் செலவழித்தவன் வேறெங்கோ மிச்சம் பிடித்திருப்பான். எங்கே என்று நான் பார்க்கவில்லை. மச்சான் பார்த்தார். திருப்பிப் போட்டு, அடியைத் தடவி, “பேட்டரி போட எடமே இல்ல மாமா. ஸ்பீக்கரும் இல்ல. கல்லறைக்கு எப்படி எடுத்துக்கினு போறது?” என்றார்.

ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்றேன். பழையது இருந்தால் புதியதைத் தொடமாட்டார் என்று நினைத்து, அடுத்த வாரமே அதைச் சிதம்பரத்தில் ஒரு இசைக்கருவிக் கடையில் விற்றுவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு மாதத்தில் நாலு சாவு. நாலிலும் வாசலோடு பாட்டு நின்றது. வாயால் பாடிச் சமாளித்தார்கள். ஊரார் வீட்டுச் சாவு என்பதால் எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாவது சாவு, மச்சானின் அம்மா. தாய்க்குக் கல்லறை வரை வாசிக்க வேண்டும் என்பதற்காக, எங்கெங்கோ ஒயர் இரவல் வாங்கி, முடிச்சுப் போட்டு ஒட்டியிருந்தார். அதுவும் வாசலைத் தாண்டவில்லை.

கல்லறை வரை இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நடந்தார். பக்கத்தில் நடந்த நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“விடுங்க மாமா. அம்மாவுக்குத்தான் ரெண்டு வருசமா காது கேக்கலையே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குள் நுழையும் வரை பழைய கீபோர்டு விற்றுப்போயிருக்குமோ என்ற பயம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே விலையை ஏற்றினார். நான் பேரம் பேசவில்லை. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மச்சான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்லறைக்கு நடந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். என் மனைவி திரும்பி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி தம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விற்றது ஆயிரத்து எண்ணூறு. மீட்டது ஐயாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸுக்குத் தொண்ணூறு, ஆறு பேட்டரிக்கு இருநூற்று நாற்பது. விற்ற பணம் போக என் கையிலிருந்து போனது மொத்தம் நாலாயிரத்து முப்பது ரூபாய்.