பெயரைச் சொல்லாமலே போன கோவிந்தராஜு அண்ணன்

சனிக்கிழமை காலை தானா ராத்தா ஊர்க் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கோவிந்தராஜு அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணன் தவறிட்டாருங்க, தூக்கத்துலயே" என்றார். பிறகு, "நான்தான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க லா" என்று வைத்துவிட்டார். சாவுச் செய்தியைக்கூட அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். பகுதிநேரமாகத் தமிழ் நாளேடு ஒன்றுக்கு நிருபர். நான் போட்டிப் பத்திரிகைக்காரன். ஆனாலும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் செய்திக்குப் போவோம். புகார் சொல்பவரின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைச் செய்தியோடு போடுவது நம் நாளேடுகளின் வழக்கம். அண்ணனுக்கு அது சட்டம். படம் தராதவரின் புகாரை எழுத மாட்டார்.

ஒருமுறை கட்சிக் கிளைத் தலைவர் ஒருவர் எங்களைத் தேநீருக்கு அழைத்தார். அவர் கட்சியைச் சேர்ந்த மாவட்ட மன்ற உறுப்பினரே பதவியை வைத்துக் கோலா தெர்லாவில் அரசாங்கக் காய்கறி நிலத்தைத் தம் உறவினருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார் என்றார்.

"என் பேரு வேணாம். 'கட்சி வட்டாரங்கள் கூறின'ன்னு போட்டுக்குங்க."

"படம் இருக்கா?" என்றார் அண்ணன்.

"என்னண்ணே, வெளையாடுறீங்களா?"

"அவரு பேரு வரும், படம் வரும். உங்களுது வராது. அவரு யாருக்குப் பதில் சொல்லுவாரு?"

நாங்கள் எழுதவில்லை, வேறொரு பத்திரிகை எழுதியது. கட்சி வட்டாரங்கள் என்றால் பெரும்பாலும் ஓர் ஆள்தான், அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி தேவைப்படும். அந்த உறுப்பினரின் பதவி போயிற்று. அதில் கிளைத் தலைவர் உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டு, கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் அண்ணனிடம் வந்தார். தோட்ட மக்களுக்கென்று கட்டிய வீடுகளில் புதிய உறுப்பினரின் ஆட்கள் குடியேறுவதாகச் சொன்னார். அண்ணன் நேரில் போய்ப் பார்த்து, தம் பெயரையும் தம் படத்தையும் போட்டு எழுதினார். அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

"உங்க சட்டம் என்னாச்சு?" என்று சீண்டினேன்.

"அன்னிக்கு வந்தவருக்குப் பதவி வேணும். இந்தம்மா பேரு வந்தா தோட்டம் குடுத்த லயத்து வீடே போயிடும். ரெண்டும் ஒண்ணா?"

யாரென்று எனக்கும் சொல்லவில்லை.

உறுப்பினரின் ஆட்கள், தகவல் சொன்னவரைத் தேடினார்கள். அண்ணனோடு பேசியவர்கள் மேலெல்லாம் சந்தேகம் விழுந்தது. அதனால் அவரே எல்லாரோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மனைவி போய்ச் சேர்ந்திருந்தார், பிள்ளைகள் இல்லை. கோயில் திருவிழாவில் கூட்டத்துக்கு வெளியே நிற்பார். அன்னதானத்தைப் பொட்டலமாக வாங்கிப்போய் வீட்டில் சாப்பிடுவார். "ஒருத்தர மறைக்கணும்னா எல்லாரையும் விடணும் போல" என்று ஒருமுறை போனில் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இப்படியும் ஒரு மனிதர் தம்மைத் தண்டித்துக்கொள்வாரா?

இறுதிச் சடங்கில் மதியம் வரை நாலைந்து பேர்தான். உறுப்பினரின் ஆட்கள் இருவர் எதிரே காரில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கும் நேரத்தில், கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் வேலை உடுப்போடு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர் இருந்தபோது ஒரு நாளாவது இப்படி வந்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். ஒருவர் விடாமல் அழுதார்கள். அன்று அண்ணனிடம் வந்து சொன்ன அந்த ஒருவர் யாரென்று காரில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நிம்மதியாகப் போய் வாருங்கள், அண்ணே.