வாசுகி என்ற பெயரில் ஆடிய ரெஜினா அக்கா

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கும் வேண்டாம், அக்கா தங்கைக்கும் வேண்டாம். படித்ததும் அடுத்தவளிடம் கொடுங்கள். கடைசியாகப் படிக்கிறவள் கிழித்து அடுப்பில் போட்டுவிடட்டும். ரெஜினா அக்காவோடு மைதானத்தில் நின்று ஆடியவர்கள் நீங்கள் எட்டுப் பேர்தான். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் அவள் சாஃப்ட்பால் ஆடினாள் என்று வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை. இருக்கிற காகிதத்தில் எல்லாம் என் பெயர்தான் இருக்கிறது.

இன்று காலை கணக்கு வகுப்பில் இருந்தேன். பி.டி. சார் வாசலில் வந்து நின்று என்னை மட்டும் கூப்பிட்டார். வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனதும், "ரெஜினா போயிட்டாம்மா" என்றார். கே.ஜி.எஃப்.புக்கு, அவள் அம்மாவிடம் போய்விட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களா என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "சாயங்காலம் அடக்கம். நீ வராத. உன்னை அங்க யாரும் பாக்கக் கூடாது" என்றார். நான் திரும்பிப் போய் உட்கார்ந்து, பலகையில் இருந்ததை நோட்டில் எழுதினேன். இப்போது பார்த்தால் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

அவள் நம் மைதானத்துக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மர்பி டவுனில் எங்கள் தெருக்கோடியில் சித்தி வீட்டில் இருந்தாள். கே.ஜி.எஃப்.பில் அப்பாவுக்குத் தங்கச் சுரங்க வேலை போனதால் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் காலர் தைக்க வந்தவள். அன்று வேலை முடிந்து சுவரோரமாக நடந்துபோனாள். நான் போட்ட பந்து கேட்சரைத் தாண்டி, சுவரையும் தாண்டி, அவள் காலடியில் விழுந்தது. டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். கை தோளைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றியது. இடுப்புப் பக்கத்திலிருந்து பந்து கிளம்பியது. பாத்திமா, உன் க்ளவுஸ் கழன்று விழுந்ததே, நீ "அம்மா"ன்னு கத்தினாயே! அக்கா சுவர் மேல் கையை ஊன்றி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன் பாப்பா, கல்யாண வீட்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி போடற?"

பள்ளிக்கூடத்தில் பந்து போடுகிற பிட்சராக இருந்தவளாம். பத்தாவதில் ஃபெயிலானதும் ஆட்டமும் நின்றுவிட்டது. நம் போட்டியோ பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அவளுக்குப் பத்தொன்பது. பி.டி. சார் அவளையும் என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். "ஒரே ஒரு மேட்ச்ம்மா. வாசுகி பேர்ல எறங்கிடு. ரெண்டு பேரும் ஒரே ஒசரம், ஒரே கலரு."

"நான் இவளைவிடக் கருப்பு சார். பரவால்ல, வெயில்ல நின்னேன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

ஒரு மேட்ச் என்றது ஒரு சீசன் ஆனது. ஃபேக்டரியில் லீவு கிடைக்காது. மாமா செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வருவாள். "பாவம் எங்க மாமா, ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு தடவை சாவறாரு" என்பாள். நாம் எல்லோரும் எப்படிச் சிரித்தோம்!

நீங்கள் உள்ளே ஆடும்போது நான் வெளியே, யூனிஃபார்ம் இல்லாமல், வெள்ளரிக்காய் வண்டிக்குப் பின்னால் நிற்பேன். பி.டி. சார் உத்தரவு. அங்கிருந்து எனக்கு அக்காவின் கைதான் நன்றாகத் தெரியும். பந்து முழங்கால் உயரத்தில் வரும். அடிக்கிறவள் குனிந்து பேட்டை வீசும்போது அது நெஞ்சுக்கு ஏறியிருக்கும். நீங்கள் எல்லோரும் "வாசுகி! வாசுகி!" என்று கத்துவீர்கள். என் பெயரை அவ்வளவு ஆசையாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வண்டிக்காரர் ஒரு நாள், "யாரும்மா அந்த வாசுகி? கையா அது, காத்தாடி!" என்றார். எங்கள் ஸ்கூல்தான் என்று சொன்னேன்.

உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று அவளிடமே கேட்டேன். "பேரு உன்னுதா இருக்கட்டும்டி. பந்து என் கையிலேருந்துதானே போவுது?" என்றாள்.

ஆனால் பெயரும் அவளுக்குத் தொல்லை கொடுத்தது. அரையிறுதியில் அம்பயர் சந்தேகப்பட்டு, "ஹெசரேனம்மா?" என்று கன்னடத்தில் பெயர் கேட்டார். அவள் விழித்தாள். பி.டி. சார் இருமின பிறகுதான் "வாசுகி சார்" என்றாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சிக்குப் போனால், பந்து பிடிப்பதோடு இன்னொரு வேலையும் எனக்கு. திடீர் திடீரென்று "வாசுகி!" என்று கூப்பிட வேண்டும், அவள் உடனே திரும்ப வேண்டும். ஒரு நாள் மார்க்கெட்டில் யாரோ ஒரு அம்மா தன் குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். அக்கா சிரித்துச் சிரித்து ஃபுட்பாத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபைனலில் அவள் ஆடியதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கிட்டத்தில் நின்று பார்த்தீர்கள். நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். பரிசளிப்பு முடிந்ததும் அவள் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்தாள். சிறந்த பிட்சருக்கான மெடலைத் தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டாள். "இந்தா, உன்னுது." இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "ஒரே ஒரு ராத்திரி நான் வச்சிக்கவாடி? காலைல குடுத்துடறேன்" என்றாள். மறுநாள் ஃபேக்டரி பஸ் வருவதற்கு முன்பே எங்கள் வாசலில் நின்றாள். மெடலைக் கைக்குட்டையில் சுற்றி, துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மெடலோடு என் பெயரில் கொடுத்த சர்டிபிகேட்டை அப்பா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார். சவாரி முடித்து வரும்போதெல்லாம் அதற்குப் பூ வாங்கி வருகிறார். ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம், "என் பொண்ணு கை ராக்கெட்டு கை சார். காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு குடுக்கறாங்க" என்கிறார். இப்போது சாமி அலமாரியின் ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எதிரே கண்ணாடிக்குள் என் பெயர், அதன்மேல் வாடின மாலை. பார்க்கவே பயமாக இருக்கிறது.

அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. அந்தக் கையில் ஊசி குத்திக் கட்டியிருந்தார்கள். "நல்ல வேளை, இங்க என் பேர்லயே சேத்துட்டாங்க. இல்லேன்னா இந்த ஊசியெல்லாம் நீதான் போட்டுக்கணும்" என்றாள். கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். ரெஜினா என்று எழுதியிருந்தது. அவள் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அங்கேதான் முதல் தடவை. அடுத்த தடவை இன்று சாயங்காலம், சிலுவையில்.

ஆமாம், நான் போனேன். உங்களையும் வரக்கூடாது என்று சார் சொல்லியிருப்பார், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக நின்றேன். பெட்டியை மூடுவதற்கு முன்பு அவள் அம்மா பி.டி. சாரிடம் வந்தார். "கப்பு ஜெயிச்சோம்மான்னு சொன்னாளே சார். கழுத்துல மெடல் போட்டாங்கன்னாளே. அவ பேர்ல ஒரு சர்டிபிகேட்டு இருந்தா குடுங்க சார். கைகிட்ட வச்சி அனுப்பிடறேன்."

சார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ ஆடலம்மா. ஆடறதைப் பாக்க வருவா. அவ்ளோதான்."

அந்த அம்மா அழவில்லை. பெட்டிக்குக் குனிந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏண்டி, என்கிட்டயா பொய் சொன்ன? நான் உன்ன என்னாடி கேட்டேன்?"

சார் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "வாசுகி, நீ வீட்டுக்குப் போ" என்று அதட்டினார். என் பெயரைக் கேட்டதும் அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அக்கா அந்தப் பெயரை அவரிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ. மண் போடக் கூப்பிட்டபோதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கேட்டுக்கு வெளியே சார் ஸ்கூட்டர் மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் அந்தக் கைமேல் உயிர். "சொன்னா என் வேலை போயிடும்மா. கப்பு போயிடும், அந்த எட்டுப் பேரோட சர்டிபிகேட்டு போயிடும், உன் சீட்டு போயிடும். போனவளுக்கு இனிமே என்ன வேணும் சொல்லு" என்றார்.

போனவளுக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் அவள் அம்மா விடிந்ததும் முதல் ரயிலில் கே.ஜி.எஃப். திரும்புகிறார். தன் பெண் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே அவ்வளவு தூரமும் உட்கார்ந்து போவார். அதற்கப்புறம் எத்தனை வருஷமோ, அப்படியே நினைத்துக்கொண்டு இருப்பார். அந்த ரயிலுக்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவுக்குத் தெரியும். அந்த ஃப்ரேமைக் கழற்றும்போது அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? உங்களைக் கேட்டுக்கொண்டு செய்ய நேரமில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது நான் சொல்லியிருப்பேனா, பயந்து போர்வைக்குள் சுருண்டிருப்பேனா, எனக்கே தெரியவில்லை.

மெடலை மடியில் வைத்திருக்கிறேன். இது என்னுடையது இல்லை. அவளிடமிருந்து எனக்கென்று இருப்பது இடது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே உள்ள வீக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பந்தைப் பிடித்துப் பிடித்து வந்தது. அழுத்தினால் வலிக்கிறது. குறைந்துவிடுமோ என்று அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் முதலில் பக்கத்தில் பார்ப்பேன், அவளும் திரும்பினாளா என்று. அது என்னை விட்டுப் போகாது.

பால் வண்டிகூட இன்னும் வரவில்லை. ஆனால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து சட்டையைத் தேடுகிறார். சாராக இருக்குமோ. இல்லை, பெண் குரல்.

"வாசுகின்ற பொண்ணு வீடு இதானேப்பா? ரயிலுக்கு நேரமாவுது. ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடறேன்."

"இதாம்மா, இதான் எங்க வாசுகி வீடு" என்று அப்பா தாழ்ப்பாளை எடுக்கிறார். நான் மெடலை—