துணியால் அடைத்த துளைச்சுவர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் எழுந்த நான்கு மாடிக் குடியிருப்பில் இது நிகழ்ந்தது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட அக்கட்டடத்தை வடிவமைத்தவன் நான். ஓராண்டில் வெளியிலிருந்து பெறும் மின்சாரம் முழுவதையும் கூரைமேலுள்ள சூரியத் தகடுகள் ஈடுசெய்துவிட வேண்டும் என்பதே என் வேட்கை.

அதற்கு நான் நம்பியது கடற்காற்றை. கிழக்குச் சாளரங்களால் நுழையும் காற்று வீட்டைக் கடந்து, பின்புறத் துளைச்சுவரின் வழியே பொது நடைகூடத்துக்கு வெளியேறும். குளிரூட்டிக்கு வேலையே இராது. கட்டாரில் தொழில்புரிந்த ஓர் இளைஞர் விடுமுறையில் வந்தபோது வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். காற்றின் வழியை விரலால் தொட்டுத் தொடர்ந்தார். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கினார்.

முதலாண்டின் நடுவில் கணக்குச் சரியத் தொடங்கியது. மின்மானிகளைப் பார்த்தேன். பதினொரு வீடுகள் ஒழுங்காக இருக்க, அந்த இளைஞரின் வீடு மட்டும் மும்மடங்கு எடுத்திருந்தது. மாடியேறினேன். துளைச்சுவர் முழுவதும் உட்புறமாகப் போர்வைகள் அறையப்பட்டிருந்தன. உள்ளே குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த முதிய பெண்ணிடம், ஒரு வீட்டால் பன்னிரண்டு வீட்டின் முயற்சியும் பாழாகிறதே என்று உரத்த குரலில் கடிந்துகொண்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"மெதுவாக் கதைங்க சேர். மகள் இத்தாவில இரிக்கா. மருமகன் கட்டார்ல மௌத்தாகி ரெண்டு மாசம். மையித்தக் கூடக் காணல்ல, அங்கயே அடக்கிட்டாங்க. படியேறுற ஆம்புளையெல்லாம் இந்த ஓட்டையால பாத்துட்டுப் போறாங்க. அடைக்காம என்ன செய்யிற? அடைச்சா, இந்தக் கச்சான் காத்து வெக்கைல புள்ள அவிஞ்சி போறா."

உள்ளறையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "கோவிக்காதீங்க உம்மா. மத்தியானத்தில ஏசிய நிப்பாட்டுறம் எண்டு சொல்லுங்க. காத்து வரும் எண்டு அவரு ஆசப்பட்டு வாங்கின ஊடு."

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆடவர் கண்ணில் படாது வீட்டினுள் இருக்கும் இத்தா வழக்கத்தை நான் அறியாதவனல்லன். என் தங்கை இத்தா இருந்தபோது சாளரத்துக்குச் சேலை கட்டியவை இந்தக் கைகளே. ஆள் உயரத்தில் அத்துளைச்சுவரை வரைந்தவையும் இவையே.

மன்னிப்புக் கேட்டேன். குளிரூட்டியை நிறுத்த வேண்டாம் என்று மன்றாடிவிட்டு இறங்கினேன். காற்றுச் செல்லவும் கண் செல்லாதிருக்கவும் சாய்வுப் பலகைகள் பொருத்தத் தச்சரை அமர்த்தினேன். அடுத்த மாதம் அவ்வீட்டின் மின்செலவு பாதியாகக் குறைந்திருந்தது. மாடியேறிப் பார்த்தேன். போர்வைகள் அப்படியே இருந்தன. குளிரூட்டியின் ஓசை மட்டும் இல்லை.

பன்னிரண்டு வீட்டாரும் இசைந்து, தச்சர் பலகை அறுத்து வேலை முடிவதற்குள் இத்தாக் காலம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயுடன் மருதமுனைக்குப் போய்விட்டார்.

ஆண்டிறுதியில் கணக்குச் சமன்பட்டது. பார்க்க வந்தவர்கள் என் கையைப் பற்றிப் பாராட்டினார்கள். அந்தச் சமனில் ஒரு பெண் வெக்கையில் கழித்த பகல்களும் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடும் சேர்ந்திருப்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. அன்று சொல்லாததன் சுமை, புதிய வரைபடத்தில் ஒரு சாளரம் வரையக் குனியும் ஒவ்வொரு முறையும் என் கையைத் தடுத்து நிறுத்துகிறது.