டிபரன்சலுக்கு வைத்த நீலப் பொட்டு

என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. ஒரு தவணை தவறினால் கால் வீங்கும். அடுத்த தவணைக்கு முன்னமே மூச்சு வாங்கும். அதனால் எங்கள் வீட்டில் எந்தத் தீர்மானமும் அந்த இரண்டு நாட்களைச் சுற்றியே நடக்கும். வாகனத்தின் பின் அச்சுக்கு எந்த விதமான பூட்டுப் போடுவது என்ற கேள்வியும் அப்படி வந்ததுதான். அதில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வீடு நறுவிலிக்குளத்தில், வயற்கரையில் இருக்கிறது. தார் வீதிக்கு வர அரை மைல் ஒழுங்கை. கோடையில் அது வெறும் தூசி. மாரியில் களிமண், காலை வைத்தால் செருப்பைத் திருப்பித் தராது. எங்களிடம் இருப்பது பழைய டபிள்கப் பிக்கப். நாலு சில்லும் இழுக்கும் வண்டிதான். ஆனாலும் போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் எதிரெதிர் மூலையில் சேற்றில் இறங்கிவிட்டன. அந்த இரண்டும் காற்றாடி போலச் சுற்ற, மற்ற இரண்டும் பார்த்துக்கொண்டு நின்றன. உழவு இயந்திரம் வந்து இழுத்து முடிய இரண்டு மணித்தியாலம் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவளுடைய முறை போய்விட்டது. அடுத்த செவ்வாய் வரைக்கும் அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டாள்.

நான் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். வளைவில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடவேண்டும், உட்சில்லு குறைய ஓடினால் போதும், அதற்கு இடம் கொடுக்கத்தான் பின் அச்சின் நடுவில் டிபரன்சல் இருக்கிறது என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். அதே டிபரன்சல் சேற்றில் எந்தச் சில்லு வழுக்குகிறதோ அதைத்தான் சுற்றவிடும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் இரண்டும் இழுக்கும். எதனால், எப்போது பூட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கு மெக்கானிக் வேண்டும்.

சிலாவத்துறை வீதியில் கராச் வைத்திருப்பவர் முசலிப் பக்கத்து முஸ்லிம் மனிதர். வயது நாற்பத்தைந்து இருக்கும். சின்ன வயதில், தொண்ணூறில், எங்கள் தமிழ் இயக்கம் முஸ்லிம்களை விரட்டியபோது ஊரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, தொழில் பழகி, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். அவர்கள் வெளியேற்றப்பட்ட நாளில் நான் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

"மூண்டு விதம் இருக்கு சேர்," என்றார் அவர். "வெல்டு வச்சு ரெண்டு சில்லையும் ஒண்டாக்கலாம். அது வயலுக்குள்ள மட்டும் ஓடுற வண்டிக்கு. மற்றது தானாப் பூட்டுறது. அது தார் ரோட்டிலயும் பூட்டிக்கொண்டுதான் ஓடும், வளைவில மட்டும் விட்டுக்குடுக்கும். சில நேரம் விடுறதுக்குப் பிந்தும். மூண்டாவது, சுவிச்சால பூட்டுறது. சேத்தில அமத்துவீங்க, ரோட்டுக்கு ஏறினதும் விடுவீங்க. உங்கட வண்டி முக்கால்வாசி நேரம் தார் ரோட்டில. அதிலயும் சுகமில்லாத ஆளோட. உங்களுக்கு மூண்டாவதுதான் சரி."

"அதை எங்க எடுக்கிறது?"

அவர் வளவின் மூலையைக் காட்டினார். தார்ப்பாய்ப் படங்கால் மூடி ஒரு பின் அச்சு கிடந்தது. என் வண்டியின் அதே ரகம், அடிபட்ட வண்டி ஒன்றில் கழற்றியதாம். சுவிச் பூட்டு கொம்பனியிலேயே போட்டு வந்தது. "அல்லா உங்களுக்கெண்டே வச்ச மாதிரி," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு என்ன தேவையோ அதுவே இவரிடம் எப்படி இருக்கும்? மூன்று விதம் சொல்லி மூன்றாவதில் கொண்டுவந்து விட்டது அந்தப் படங்குக்குக் கீழே கிடப்பதைத் தள்ளிவிடத்தானே? உப்புத் தண்ணீரில் எத்தனை வருடம் ஓடிய அச்சோ? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு கிழமை ஃபோனில் வாசித்தேன். வாசித்த பிறகு தானாகப் பூட்டுவதையே எடுப்பது என்று முடிவு செய்தேன். அதற்குச் சுவிச் இல்லை, வயர் இல்லை, உடைகிற சாமான் குறைவு. இவை நல்ல நியாயங்கள்தான். ஆனால் உண்மையான நியாயம் ஒன்றுதான்: அது அவருடைய வளவில் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் பெட்டியாக வந்தது.

பெட்டியைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டினார். "சேர், இது உங்களுக்குச் சரிவராது. மழைக்கு வாலை வீசும். வளைவில அக்சிலேற்றரை மிதிச்சா ரெண்டு சில்லும் சேந்து தள்ளும்."

"உமக்குப் பூட்டத் தெரியாட்டிச் சொல்லும், வேற ஆளைப் பாப்பம்."

"பூட்டவும் தெரியும் சேர். வேணாமெண்டு சொல்லவும் தெரியும். செவ்வாக்கிழமை கொண்டாங்க."

எங்கள் பக்கத்தில் வண்டியைக் கராச்சில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. சண்டை நேரம், ஒரு போல்ற் கூடச் சோதனைச் சாவடி தாண்டி வராத காலத்தில், உள்ளே போன நல்ல சாமான் வெளியே வரும்போது பழையதாக மாறியிருக்கும். ஆகவே பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்போம். இருக்க முடியாவிட்டால் சாமானுக்கு இரகசியமாக ஓர் அடையாளம் வைப்போம். காலம் மாறியும் அந்தப் பழக்கம் போகவில்லை. செவ்வாய் எனக்கு ஆஸ்பத்திரி நாள். ஆகவே திங்கள் பின்னேரம், படலைக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்றைத் தொட்டுப் பூட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

மனைவி பார்த்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, இரும்புக்குப் பொட்டு வைக்கிறியளோ? மாப்பிள்ளை வீட்டார் எப்ப வருகினம்?"

"பகிடி விடாதையும். மாத்திப்போட்டா என்ன செய்யிறது?"

"நம்பாத ஆளிட்ட ஏன் குடுக்கிறியள்? நம்பிக் குடுக்கிறதெண்டா ஏன் பொட்டு?"

நான் பெட்டியை மூடிக் கயிறு கட்டினேன். எங்கள் ஆள் ஒருவர் என்றால் பொட்டு வைத்திருப்பேனா என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்டால் விடை தெரிகிறது.

செவ்வாய் விடிய வண்டியையும் பெட்டியையும் கராச்சில் விட்டு, அவளை ஓட்டோவில் கூட்டிப் போய், ஊசி குத்தி முடிந்ததும் நான் மட்டும் கராச்சுக்கு ஓடி வந்தேன். அவர் பூட்டைப் பொருத்தி, முழுதாக அச்சுக்குள் ஏற்றக் கையில் தூக்கி வைத்திருந்தார். நான் குனிந்து ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். நீலப் புள்ளி இல்லை. இரும்பு பளபளவென்று வெறுமையாக இருந்தது.

அப்போதே வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற ஒரு விதமான திருப்தி கூட எனக்கு இருந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் டிக் டிக்கென்று கேட்டது. ஒரு தரம் டங்கென்று அடித்தது. இந்த வகைப் பூட்டு அப்படித்தான் சத்தம் போடும் என்று ஃபோனில் நானே வாசித்திருந்தேன். அதை மறந்துவிட்டு, பழைய சாமானைப் போட்டால் வேறென்ன செய்யும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கராச் நிறைய ஆட்கள். நான் இறங்கி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "என்ர புதுச் சாமானை எடுத்துப்போட்டு உம்மட பழசைப் பூட்டியிருக்கிறீர்."

அவர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு எழும்பினார். "கழட்டிக் காட்டவா சேர்? இப்பவே கழட்டுறன்."

"கழட்டி இன்னொண்டை மாத்தவோ?"

யாரோ சிரித்தார்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு நிறுத்தவில்லை. பென்சன் எடுக்க நிற்கும் வரிசையிலும், ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வேதக்கோவில் முற்றத்திலும் சொன்னேன். படிப்பித்தவன் சொன்னால் சனம் நம்பும். இரண்டு பேர் தங்கள் வண்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். தெரியாமல் எத்தனை பேரோ.

மாரி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடிய நல்ல மழை. ஒழுங்கைக் களிமண்ணில் வண்டி சிமெந்துத் தரையில் போவது போலப் போயிற்று. "பாத்தீரோ?" என்று அவளிடம் பெருமையாகக் கேட்டேன். "ரோட்டைப் பாத்து ஓடுங்கோ," என்றாள். தள்ளாடிச் சந்திக்கு வரும் வீதியில் ஒரு வளைவு. நேரம் பிந்துகிறதே என்று கொஞ்சம் மிதித்தேன். பின்னால் டங்கென்று ஒரு சத்தம், அதோடு வண்டியின் பின்பக்கம் எங்களுக்கு முன்னால் வந்துவிடும் போலச் சுழன்றது. நான் கரும்பலகையில் கீறியதெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றும் உதவவில்லை. பக்கத்து வாய்க்காலுக்குள் பின்புறமாகப் போய் நின்றோம்.

அவள் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கையில்தான் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்கள் இரண்டைத் தைத்து இணைத்திருந்தார்கள். அது கதவுப்பிடியில் அடிபட்டுவிட்டது. வாய்க்காலுக்குள்ளிருந்து வண்டி தானாகவே ஏறி வெளியே வந்தது. இரண்டு பின்சில்லும் சேர்ந்து அழகாக இழுத்தன. அதைச் சொல்லாமல் விடமுடியாது. பூட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

ஆஸ்பத்திரியில் தாதி கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் இனிக் கொஞ்சக் காலம் குத்த முடியாது என்றார். கழுத்தில் குழாய் போட்டார்கள். ஆறு கிழமை அந்தக் குழாயோடு இருந்தாள். தண்ணீர் படக்கூடாது, திரும்பிப் படுக்கக்கூடாது.

அப்போதும் நான் நினைத்தது என்ன? அவன் மாற்றிப் போட்ட சாமானால் வந்த வினை என்றுதான். அத்தாட்சி எடுப்பதற்காக வண்டியை வவுனியாவில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அச்சைத் திறந்து பூட்டில் அடித்திருந்த இலக்கத்தை வாசித்தார். நான் கொண்டுபோன வெறும் பெட்டியிலும் அதே இலக்கம் இருந்தது.

"உங்கட சாமான்தான் ஐயா. பூட்டின ஆள் தொழில் தெரிஞ்சவர், ஒரு தூசி இல்லை. ஆனா ரோட்டில ஓடுற வண்டிக்கு இதை ஏன் போட்டனீங்கள்? ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

நான் காசைக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கொடுத்த செபங்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கழுத்துக் கட்டுத்துணியைத் தடவிக்கொண்டு, "என்னட்டச் சொல்லி என்ன? களவெடுத்தவர் எண்டு நீங்கள் சொன்னது என்னையோ?" என்று கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆட்கள் இல்லாத சமயமாகப் பார்த்துக் கராச்சுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். "புள்ளி இல்லாதபடியால்தான்…" என்று இழுத்தேன்.

"பொட்டைக் கண்டனான் சேர்," என்றார். "சரியாக் காயவுமில்ல. பெயின்ற் உள்ளுக்க உதிர்ந்தா எண்ணெயோட சேந்து பல்லைத் திண்டுடும். பெற்றோல் போட்டுத் தேச்சுக் கழுவினன். ஏன் வச்சீங்கண்டும் விளங்கினது. வயசான மனிசன், கேட்டு வெக்கப்படுத்தக் கூடாதெண்டு விட்டன்."

"என்னை மன்னிக்க வேணும். நான் உங்களுக்குச் செய்தது பெரிய பிழை."

அவரிடம் முதன்முறையாக 'உங்களுக்கு' என்று சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அண்டைக்குச் சனத்துக்கு நடுவில நிண்டு சொன்னீங்க. இண்டைக்கு ஆருமில்லாத நேரம் பாத்து வந்திருக்கீங்க. சனிக்கிழமை வாங்க சேர்."

சனிக்கிழமை போனேன். வகுப்பில் நிற்பது போல நிமிர்ந்து நின்று, நான் சொன்னது பொய், சாமான் என்னுடையதுதான், பூட்ட வேண்டாமென்று இவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப சேர் பெயிலோ?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஓம், பெயில்தான்," என்றேன். மெக்கானிக் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பெரிய பால்மாத் தகரப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். என் வண்டியில் கழற்றிய பழைய பற்சக்கரங்கள், கிறீஸ் பூசி, கடதாசியில் சுற்றி, மேலே வண்டி இலக்கம் எழுதி இருந்தன. அதையும் அவர் விற்றிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அந்தச் சுவிச் அச்சு?" என்று கேட்டேன்.

"அது போயிட்டு சேர். விடத்தல்தீவில மீன் ஏத்துற ஒராள் கொண்டு போயிட்டார். இன்னொண்டு வந்தாப் பாப்பம். இப்போதைக்குப் பழசையே பூட்டுவம். ஒழுங்கைக்கு ரெண்டு ரிப்பர் லொறி கிறவல் மண் பறிச்சு விடுங்க, அது போதும்." பிறகு ஒரு மூலையைக் காட்டினார். "கதிரை அங்க இருக்கு. வேணுமெண்டாப் போட்டு இருங்க."

நான் இருக்கவில்லை. வண்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, வேலை முடியும் வரைக்கும் வீதியில் நின்றேன்.

கிறவல் பறித்தாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு விலகிய இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னேன். ஒருவர் அவரிடம் திரும்பிப் போனார், மற்றவர் போகவில்லை. மனைவியின் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் கையில்தான் குத்துகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் போகிறோம். நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் அந்த வளைவு வரும்போது, மழை இல்லாத நாளிலும், அவள் வலது கையால் இடது கையைப் பொத்திப் பிடித்துக்கொள்கிறாள். நான் பார்க்காதவன் போல வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.