இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

கன்னத்தில் காயத்தோடு திங்கட்கிழமை வேலைக்குப் போகிற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று என் இடது கண்ணுக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதெல்லாம் பொறுத்துக்கக் கூடாதும்மா. உங்க அண்ணன் பெரிய ஆளாச்சே, அவருகிட்ட சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் வலித்தது. என் கணவர் பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருக்கிறார், கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுகிற மனிதர். அந்தக் காயத்துக்குக் காரணமே அண்ணன்தான்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். உடையார்பாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரிய வீட்டுக்கு இப்போது அவர்தான் எல்லாம். சின்ன வயதில் நான் எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவேன். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டில் கூடும்போது, பந்தியில் அண்ணன் என் தலை ரிப்பனை அவிழ்த்து, அதாலேயே என் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவார். பெரியவர்கள் யாரும் கட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பீச்சாங்கை, பீச்சாங்கை" என்று அவர் தாளம் போட, மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். வலது கையால் அள்ளியதில் ரசம் சோறு பாதி பாவாடையில் கொட்டும். இன்று நான் வலது கையால் எழுதுகிறேன், சாப்பிடுகிறேன், மொய்க் கவர் நீட்டுகிறேன். ஆனால் எதையும் மறக்கவில்லை. அந்த ரிப்பன் பச்சை நிறம்.

அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றில், ஒரு கிளப்பார் முறைப்படி அனுமதி வாங்கித் துப்பாக்கி சுடும் மைதானம் அமைத்திருக்கிறார்கள். ஓர் இயந்திரம் காபி சாசர் அளவில் ஆரஞ்சு நிறத் தட்டை வானத்தில் வீசும். அதைப் பறக்கும்போதே சுட வேண்டும். களிமண் புறா என்று பெயர், நாங்கள் தட்டு என்போம். உண்மையில் அதில் களிமண்ணே கிடையாது, சுண்ணாம்புத்தூளும் தாரும்தான். ஆய்வகத்துக்காரி என்பதால் முதல் நாளே உடைந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். அண்ணன்தான் என்னைச் சேர்த்துவிட்டார். பொங்கல் போட்டியில் வருடா வருடம் ஜெயிக்கிறவர் அவர், தங்கச்சி பார்த்துக் கை தட்ட வேண்டும் என்ற ஆசையாக இருக்கும்.

கிளப் துப்பாக்கியை வலது தோளில் வைத்துச் சுட்டேன். ஒரு தட்டும் விழவில்லை. எல்லாக் குண்டும் தட்டுக்குப் பக்கத்தில் போனது. எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை விரலால் காட்டினேன். இடது கண்ணை மூடினால் விரல் தொட்டியை விட்டு விலகிப் போனது. வலது கண்ணை மூடினால் விரல் நின்ற இடத்திலேயே நின்றது. ஆக, நான் உலகத்தை இடது கண்ணால்தான் குறி பார்க்கிறேன். கையைப் பழக்கி மாற்றிவிட்டார்கள், கண்ணை மாற்ற யாராலும் முடியவில்லை.

துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினேன். அடுத்த தட்டு தூளாகி, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் மேல் கறுப்புப் புகை மாதிரி பரவியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்துக்குக்கூட வந்ததில்லை. பின்னாலிருந்து அண்ணன் கத்தினார். "ஏய் பாப்பா, மாத்திப் புடி! நம்ம வூட்டுப் பொண்ணு பீச்சாங்கையில சுடுறான்னா பாக்குறவன் சிரிப்பான்."

என் துப்பாக்கி உரிமத்துக்கு அவரே அலைந்தார். காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர், "எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டபோது, "தட்டு உடைக்கங்க" என்றேன். அவர் என் கணவரை இரக்கத்தோடு பார்த்தார். உரிமம் கைக்கு வந்ததும் வந்தது ஆயுத பூஜை. பெரிய வீட்டில் டிராக்டர் சாவி, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தபின், அண்ணன் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். "இனிமே இது பாப்பாவுக்கு. பொங்கலுக்குள்ள உன் பேருக்கு மாத்திக்கலாம்." எல்லோரும் கை தட்டினார்கள். என்னையறியாமல் இடது கை முன்னால் போனது. அவர் துப்பாக்கியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சோத்துக்கையில வாங்கு. பீச்சாங்கையில வாங்குனா வூட்டுக்கு ஆகாது." வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இத்தனை வயதுக்கு மேலும், அத்தனை பேர் முன்னால்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், அவர் பக்கத்தில் நிற்க, அதைச் சுட்டுப் பார்த்தேன். கல்யாண போட்டோவில் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு காலத்தில் அவர் தேடி வாங்கிய துப்பாக்கி அது. நீளமோ நீளம். அதைவிடக் கொடுமை, தோளில் பதியும் அதன் மரக்கட்டை லேசாக வலப்பக்கம் வளைத்துச் செய்தது. வலது தோளில் வைக்கிறவருக்குக் கன்னம் அழகாகப் பொருந்தும். இடது தோளில் வைத்தால் கட்டையின் முதுகு நேராகக் கன்ன எலும்பில் வந்து முட்டும். முட்டியது. துப்பாக்கி உதைத்த உதையில் கண்ணில் பொறி பறந்தது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "பீச்சாங்கைக்கு சாமி குடுத்த கூலி!"

தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் போனில் பேசுவது கேட்டது. "புதுசு எனக்குன்னு எடுத்து வைங்க. பழச தங்கச்சி தலையில கட்டியாச்சு."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவரிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று பெரியப்பா வழியாக வந்தது, விடமாட்டார். புதிது வாங்க வேண்டுமென்றால் இந்த நீளத் துப்பாக்கியை யார் தலையிலாவது கட்ட வேண்டும். உரிமத்துக்கு அலைந்தது, பூஜை, பாசம், எல்லாம் அதற்குத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன். "நல்ல துப்பாக்கிண்ணே" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார். அதனால் நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஐப்பசியில், "தீபாவளிச் செலவு கழியட்டும்ணே." கார்த்திகையில், "அவருக்கு கடையில தலைக்கு மேல வேலைண்ணே, அவரு இல்லாம எப்படி?" பிறகு மார்கழி வந்தது. மார்கழியைப் போல எனக்கு உதவிய மாதம் வேறு எதுவுமில்லை. "மார்கழியில எழுதி வாங்குனா வூட்டுக்கு ஆகாதுல்ல? தை வரட்டும்ணே" என்றேன். 'வூட்டுக்கு ஆகாது' என்பது அவர் சொன்ன வார்த்தைதானே. புதுத் துப்பாக்கிக்கு முன்பணம் கட்டிவிட்டு ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிறார் என்று அண்ணி சொன்னார். கேட்கக் கேட்க இனித்தது.

என் துப்பாக்கியை நான் மார்கழியில்தான் வாங்கினேன். அதற்கு முன் சனிக்கிழமைகளில், அண்ணன் வராத நாளாகப் பார்த்து, கிளப்பில் இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டு அவரவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்திருந்தேன். திருச்சியில் கடைக்காரர் எடுத்த எடுப்பில், "மேடத்துக்கு லேசா, சின்னதா ஒண்ணு காட்டுறேன்" என்றார். லேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும், எடை கொஞ்சம் இருந்தால் உதையை அதுவே வாங்கிக்கொள்ளும் என்பது என் கன்னத்துக்குத் தெரியும். "கனமாவே காட்டுங்க. கட்டை எந்தப் பக்கமும் வளையாம நேரா இருக்கணும்" என்றேன்.

வரிசையாக எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொள்வேன். துப்பாக்கியை இடது தோளுக்குத் தூக்கிக் கன்னத்தை வைப்பேன். பிறகு கண்ணைத் திறப்பேன். குழல் நுனியில் இருக்கும் சிறு மணி நேராக என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், கழுத்தை வளைத்துத் தேடக் கூடாது. ஒன்றில் மணி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒன்றில் கட்டை நீளம், அக்குளில் மாட்டியது. ஒன்றில் குழல்தான் தெரிந்தது, மணி தெரியவில்லை. பூ வேலைப்பாடு செய்த ஒன்றை என் கணவர் ஆசையாகக் காட்டினார், அது பீரோவுக்குத்தான் பொருந்தும் என்று தள்ளிவிட்டேன். கடைசியாக, ஒரு குழல் மேல் இன்னொரு குழல் அமைந்த பழைய துப்பாக்கி ஒன்று. அலங்காரமே இல்லை. கண்ணைத் திறந்தேன். மணி எனக்காகக் காத்திருந்தது போல நட்ட நடுவில் நின்றது.

என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் மெதுவாகக் கேட்டார். "இது வெளையாட்டுக்கா, கோவத்துக்கா?"

"ரெண்டுக்கும்தாங்க."

காணும் பொங்கலன்று போட்டி. தலைக்குக் குளித்து, பின்னல் போட்டு, நுனியில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு போனேன். அண்ணன் பட்டு வேட்டியில் வந்திருந்தார், கையில் அந்த நீளத் துப்பாக்கி. "என்ன பாப்பா, இந்த வயசுல ரிப்பனு?" என்று சிரித்தார். அவருக்கு ஞாபகமே இல்லை. கட்டியவருக்கு ஞாபகமே இல்லை! அதுவரை எனக்குள் கொஞ்சம் ஈரம் இருந்திருந்தால் அதுவும் அந்த இடத்தில் காய்ந்துபோனது. "தை வந்துருச்சு, நாளைக்கே எழுதிரலாமா?" என்றார். நான் உறையைத் திறந்து என் துப்பாக்கியை வெளியே எடுத்தேன்.

"யாரோடது?"

"என்னோடதுண்ணே. மார்கழியில வாங்குனேன்."

"அப்ப இது?"

"அது சோத்துக்கைக்காரங்களுக்குச் செஞ்சதுண்ணே."

அவர் முகத்தில் இரத்தம் ஏறுவதை நின்று நிதானமாகப் பார்த்தேன். முன்பணம், சொல்லிவைத்த புதுத் துப்பாக்கி, ஊரெல்லாம் அடித்த தம்பட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் வந்து போயின. அவர் நன்றாகச் சுடுகிறவர், அதை மறுக்க மாட்டேன். அத்தனை கோபத்திலும் கடைசிவரை எனக்குச் சமமாக வந்தார். பிறகு ஆளுக்கு ஒரு தட்டாக, யார் தவறவிடுகிறாரோ அவர் தோற்றார் என்று வைத்தார்கள். அவர் துப்பாக்கியைத் தூக்கும்போது ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. தட்டு உடையாமல் பள்ளத்தின் அந்தக் கரை வரை போய் விழுந்தது. என் தட்டு இருபதடிகூடப் போகவில்லை, தூளானது.

போன வருடம் ஜெயித்தவர்தான் இந்த வருடம் ஜெயித்தவருக்குக் கோப்பையைக் கொடுக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். இதுவரை அண்ணன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாமல் அண்ணியிடம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இன்று கோப்பையோடு என் முன்னால் வந்து நின்றார். சொந்தம், கிளப்காரர்கள், ரெட்டிபாளையத்து அக்கா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடது கையை நீட்டினேன்.

அவர் கோப்பையைத் தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாரும் பாக்குறாங்க. சோத்துக்கைய நீட்டு" என்றார்.

"சுட்ட கை இதுதாண்ணே."

"பாப்பா..."

வலது கையால் பின்னல் நுனியிலிருந்த ரிப்பனை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன். "இந்தக் கை வேண்டாம்னா பழையபடி கட்டிப்போடுங்கண்ணே."

அவர் ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ரிப்பனை வாங்கிக்கொண்டு, கோப்பையை என் இடது கையில் வைத்தார். ரிப்பனை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.