எல்லாத் தெருப் பேரும் உள்ள பாட்டு

சங்கராபுரத்தில் கலையரசியின் அம்மன் பாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களைவிட ஓசியில் கேட்டவர்கள்தான் அதிகம். நானும் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டவன்தான்; இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் பாட, கணவன் இளவரசன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்து சிடியாக விற்றான். ஆடி முதல் வெள்ளிக்கு ஒரு சிடி விற்றால், அடுத்த வெள்ளிக்குள் அது முப்பது கோயிலில் பாடும். எவனோ யூடியூபில் தன் பெயரைப் போட்டே ஏற்றிவிட்டான். கடையை மூடினார்கள்.

திருப்பூருக்குப் போய்விடலாம் என்றான் இளவரசன். கலையரசி அசையவில்லை. ஒரு ஊர்ப் பாட்டை இன்னொரு ஊர் திருட முடியாதபடி பாடுகிறேன் என்றாள். ஊர் ஊராகப் போய் அம்மன் பெயர், ஏரி, தெருவெல்லாம் கேட்டு அந்த ஊருக்கென்றே பாட்டுக் கட்டினாள். நைனார்பாளையத்துப் பாட்டைக் களமருதூரில் போட்டால் சிரிக்கமாட்டார்களா? இப்போது பாட்டு பரவப் பரவ, எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று மற்ற ஊர்க்காரர்கள் தேடி வந்தார்கள். மூன்று ஆடி நன்றாகப் போயிற்று.

நான்காம் ஆடியில் ஒரு தப்புச் செய்தாள். ஒரு ஊரில் தேர் எந்தத் தெருவுக்குப் போகும் என்று விசாரிக்காமல், தான் நடந்து பார்த்த தெருவுக்கெல்லாம் அம்மன் வருவதாகப் பாடிவிட்டாள். அதில் காலனியும் இருந்தது. அந்த ஊர்த் தேர் காலனிக்குள் போனதே இல்லை. சரிபார்க்க அனுப்பிய பாட்டை விழாக்குழுவினர் கேட்டுப் பார்க்காமலே எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். கரும்பு வெட்டப் போகிற காலனிக்காரர்கள் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டார்களாம்.

விழாக்குழுத் தலைவர் கண்ணாயிரம் வீட்டுக்கே வந்தார். அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாகப் பாட வேண்டும், பரவியதையும் திரும்ப வாங்க வேண்டும், இல்லையென்றால் சுற்றுவட்டாரத்தில் எவரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். சொன்னால் செய்கிற ஆள். இளவரசன் கண்ணாலேயே மனைவியைக் கெஞ்சினான்.

"எம் பாட்ட யாருகிட்டருந்தும் திரும்ப வாங்க முடியாதுங்க. பத்து வருசமா பாத்துக்கினுதான இருக்கறேன்," என்றாள் கலையரசி. "முடிஞ்சாலும் இத வாங்கமாட்டேன்."

அந்த ஆடியில் ஏழு ஊர் அவளைக் கூப்பிடவில்லை. பயமாகத்தான் இருந்தது என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டாள். தேரும் வழக்கம்போல காலனிப் பக்கம் திரும்பவில்லை. அது முனையைத் தாண்டும் நேரம் பார்த்து, காலனிக்காரர்கள் தங்கள் ரேடியோ செட்டில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். தேர் இழுத்தவர்கள் தலை நிமிரவில்லை. தேர் நிலைக்குப் போய்ச் சேரும்வரை பாட்டை யாரும் நிறுத்தவுமில்லை.