மருந்துக்குச் சாகாத பூஞ்சணம்

சாக வேண்டியது சாகவில்லை. மருந்து கலந்த தட்டில் பஞ்சுபோல வளர்ந்து கிடந்த பூஞ்சணத்தைத் தயாளினி வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தாள்.

காலையில் வெங்காயத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவதும், பிறகு ஆய்வுகூடத்துக்கு பஸ் ஏறுவதுமாக ஓடுகிற சீவியம் அவளுடையது. வெங்காயத் தாளை முறுக்கிச் சாய்க்கும் பூஞ்சணத்துக்குள், தோட்டங்களில் அடிக்கும் பூஞ்சண மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றைச் செலுத்துவதுதான் ஆய்வுகூடத்தில் வேலை. மரபணு ஏறியது மருந்துத் தட்டில் பிழைக்கும், ஏறாதது செத்துப்போகும். இதுவோ மரபணு ஏற்றாதது. உடுப்பிட்டியில் அவளுடைய சொந்தத் தோட்டத்து நோய்த் தாளிலிருந்து எடுத்தது.

அப்படியென்றால் ஆய்வுகூடத்துப் பூஞ்சணம் தோட்டத்துக்குப் போய்விட்டதா? போகக்கூடாது என்பதற்கு எத்தனை சட்டம்! அத்தனையும் தெரிந்தவள்தான், பரிசோதனைக்கு வாங்கி மிஞ்சிய விதை வெங்காயத்தை எரிக்க மனம் வராமல் பையில் போட்டுக் கொண்டுபோய் நட்டிருந்தாள். தோட்டக்கார வீட்டுப் பெண்ணுக்கு வெங்காயத்தை எறியக் கை வருமா? இப்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

நடந்ததைச் சொன்னதும் ஆய்வுகூடப் பொறுப்பாளர் நிவேதனா சுற்றி வளைக்கவில்லை.

“எங்கடை மரபணு உதிலை இருந்தால் தோட்டம் முழுக்க எரிக்கவேணும். உமக்கும் இஞ்சை வேலை இராது.”

மரபணுச் சோதனை முடியும்வரை தயாளினி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆய்வுகூடத்துப் பூஞ்சணத்துக்கு நேரே, மரபணு இருப்பதைக் காட்டும் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. தோட்டத்துப் பூஞ்சணத்துக்கு நேரே ஒன்றுமில்லை.

“எங்கடை இல்லை,” என்றார் நிவேதனா. தயாளினி அழுதேவிட்டாள்.

அழுகை அடங்கிய பிறகுதான், அப்படியானால் அது ஏன் சாகவில்லை என்ற மற்றக் கேள்வி உறைத்தது. கணவன் குகதாசனுக்குப் போன் எடுத்தாள்.

“மருந்து எவ்வளவு கலக்கிறனீங்கள்?”

“போத்தலிலை போட்டிருக்கிறதுக்கு மேலை ஒரு மூடி. கிழமைக்குக் கிழமை உந்த ஒரே மருந்துதான். ஏனப்பா?”

“நோய்க்கு உந்த மருந்து பழகிப்போச்சு. இனிக் கேளாது. விதைக்கெண்டு கட்டித் தூக்கிக் காயவிட்ட வெங்காயத்தை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ. நோயும் அதோடை போகும்.”

“அது… குடுத்தாச்சே.”

“என்னப்பா?”

“அக்கா கேட்டவ. பாலேஸ்வரி மாமி கேட்டவ. விதை கேட்டு வாறவைக்கு இல்லையெண்டு சொல்லேலுமே? எல்லாரும் நட்டிட்டினம்.”

“பிடுங்கி எரிக்கச் சொல்லுங்கோ.”

“நான் என்ன முகத்தோடை சொல்லுறது? நீர் வந்து சொல்லும்.”

பஸ் இறங்கியதும் நேரே குகதாசனின் அக்காவான மச்சாளின் தோட்டத்துக்குத்தான் போனாள். மச்சாள் பாத்தி ஓரமாக நின்று கையைக் காட்டினார். முளைகள் பச்சையாக நிமிர்ந்து நின்றன.

“பாரும் தயாளினி, உங்கடை விதை எவ்வளவு வடிவாய் முளைச்சிருக்கு!”

தயாளினி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள்.

“மச்சாள்,” என்றாள், “உதைப் பிடுங்கவேணும்.”